ஊர் இழந்த காசுகள்

தூத்துக்குடியில் நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி எனப் பழைய ஜெர்மானிய அரசுகளின் வெள்ளிக் காசுகளே அவருடைய முதற்காதல். 1871-இல் பேரரசு அமைந்த பின்னரும் அவ்வரசுகள் தத்தம் மன்னரின் தலையைப் பொறித்தே 2 மார்க், 5 மார்க் காசுகளை வெளியிட்டன. மன்னர் பெயர், ஆண்டு, அச்சடித்த சாலையைக் குறிக்கும் எழுத்து (ஏ எனில் பெர்லின், டி எனில் மியூனிக்) யாவும் காசிலேயே உள்ளன. டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரைக் காசும் (இவ்வூரில் வ.உ.சி. என்றால் வேறு பொருள்!) ஆண்டைச் சுமந்தே வரும். இவை எத்தனை கை மாறினாலும் முகவரியை இழப்பதில்லை.

அதே பெட்டியில், அதே முறையில், கொற்கைப் பக்கத்துச் செப்புக் காசுகளையும் அவர் அடுக்கி வைத்திருக்கிறார். நம் சினம் இங்கேதான் தொடங்குகிறது. சங்ககாலப் பாண்டியரின் சதுரக் காசில் ஒருபுறம் யானை, மறுபுறம் மீன், ஆண்டு இராது, பெரும்பாலானவற்றில் பெயரும் இராது. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டின் அருகில் கிடைத்தது என்பதே அதன் பிறப்புச் சான்று. எங்கே கிடைத்தது என்று வினவினோம். “ஆற்றுப்பக்கம்” என்றார். தாமிரபரணி நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் ஆறு ஐயா!

சேகரிப்பவர் இல்லையேல் பெருவழுதி ஏது என்பார்கள். மெய்தான். தமிழ்-பிராமியில் ‘பெருவழுதி’ என்று பொறித்த காசை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் வெளியிட்டிராவிடில், சங்கப் பாண்டியர் வெறும் புலவர் கற்பனை என்போருக்கு நாம் என்ன விடை சொல்லியிருப்போம்? ஆயினும் அக்காசு அகழாய்வுக் குழியிலிருந்து வரவில்லை. ஆகவே, பெயர் இருந்தும் அதன் காலம் குறித்து இன்றளவும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். பெயரே இல்லாத காசின் கதியை என்னென்பது!

1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் ஆதிச்சநல்லூரைத் தோண்டி அள்ளிச் சென்றார். அவரைத் திட்டாத தமிழாசிரியர் அரிது. நாமும் வகுப்பில் திட்டியிருக்கிறோம். எனினும் பெர்லின் அருங்காட்சியகம் போன அப்பொருள்களோடு ஆதிச்சநல்லூர் என்னும் பெயரும் போயிற்று. நம்மவரோ ஊரைவிட்டு நகராமலேயே ஊர்ப்பெயரைத் துடைத்துவிடுகின்றனர். மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமெனில் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நண்பரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்.

பவேரிய மன்னர்கள் அவரிடமே இருக்கட்டும். கொற்கைக் காசு ஒவ்வொன்றின் உறையிலும் தந்தவர், இடம், நாள் மூன்றையும் எழுதட்டும். எழுத இயலாத காசை வாங்காதிருக்கட்டும்.