34ஐ ஓதுவோர் 35ஐ ஓதாததேன்?

கோவை உக்கடத்தைச் சுற்றியுள்ள மஹல்லாக்களில் கணவன் மனைவி வழக்கொன்று ஜமாஅத்தின் முன் வருமானால், அங்கே தவறாது எடுத்துரைக்கப்படும் ஆயத்து ஒன்றுண்டு. அன்னிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் அது. முழுமையாக ஓதப்படுவதில்லை, இடையில் வரும் ‘வழ்ரிபூஹுன்ன’ என்னும் ஒரு சொல்லே போதும் என்று கருதப்படுகிறது. அத்தஹிய்யாத்தைப் பிழையின்றி ஓதத் தெரியாதவரும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கூறிவிடுகிறார். மீன் மார்க்கெட்டில் கூடை சுமப்பவரும், பழைய இரும்புக் கடை நடத்துபவரும், பட்டம் பெற்று அலுவலகம் செல்பவரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மத்ஹபைச் சேர்ந்தவர்களாகிவிடுகிறார்கள். ‘அடிக்க அனுமதி உண்டு, குர்ஆனிலேயே இருக்கிறது!’ அத்துடன் வழக்கு முடிந்தது. பெண்ணைப் பெற்றவர் தலை குனிந்து எழுந்து போகிறார்.

இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுத நமக்கு உரிமையில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிபுக்குப் பின் ஒரு பெண் தன் அத்தாவுடன் நம் வீட்டுக்கு வந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. அவருடைய கணவர் நம்மிடம் பல ஆண்டுகள் ஓதிச் சென்ற மாணவர். ஆளனுப்பி அழைத்துக் கேட்டோம். அவர் நாணவில்லை. ‘ஹஸ்ரத், தாங்கள் ஓதிக் கொடுத்த கிதாபில் உள்ளதைத்தானே செய்தேன்?’ என்றார். அன்றிரவு நம்மால் உறங்க இயலவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. தஃப்ஸீர் ஜலாலைன் பாடத்தில் இந்த வசனம் வந்தபோது, அந்தச் சொல்லை ஒட்டி நூலாசிரியர் எழுதியுள்ள ‘கைர முபர்ரிஹ்’, அதாவது கடுமையில்லாத என்னும் விளக்கத்தை நாமும் வாசித்தோம், மாணவர்களும் வாசித்தார்கள், அடுத்த வசனத்துக்குப் போய்விட்டோம். பாடம் எடுத்த நேரம் ஐந்து நிமிடம்கூட இராது. வினைச்சொல் மாணவர் மனத்தில் தங்கிவிட்டது. விளக்கம் வகுப்பறையிலேயே விழுந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதி அந்தக் கடனை அடைப்பதற்காகவே எழுதப்படுகிறது.

முதலில் இன்னொரு சாராருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் கற்ற நம் இளைஞர்கள் சிலர் நல்லெண்ணத்தோடு சில நூல்களை நம்மிடம் கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் வாழ்ந்த லாலே பக்தியார் அம்மையார் 2007இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லுக்கு ‘அவர்களை விட்டு விலகிச் செல்லுங்கள்’ என்ற கருத்தில் பொருள் தந்திருக்கிறார். அவருக்கு முன்பே, 2003இல், அப்துல் ஹமீத் அபூசுலைமான் என்னும் அறிஞரும் தனி நூலெழுதி இதே கருத்தை வாதாடியிருக்கிறார். அவர்களுடைய மன வேதனையை மதிக்கிறோம். ஆனால் அரபி இலக்கணம் அவர்களோடு வர மறுக்கிறது. ‘ழரப’ என்னும் வினை பல பொருள் தருவது உண்மையே. ‘ஃபீ’ சேர்ந்து பூமியைக் குறித்தால் பயணம். ‘மஸல்’ என்பதோடு வந்தால் உவமை கூறுதல். ‘அன்’ சேர்ந்தால் விலக்குதல். ஆனால் எந்தச் சொல்லும் இடையில் நில்லாமல் ஒரு மனிதரையே நேரே செயப்படுபொருளாகக் கொண்டால்? மத்ரஸாவில் முதல் ஜும்ரா மாணவன் நஹ்வு பாடத்தில் மனனம் செய்யும் எடுத்துக்காட்டே ‘ழரப ஸைதுன் அம்ரன்’ என்பதுதான். ஸைது அம்ரை அடித்தான் என்றே நூற்றாண்டுகளாகப் பொருள் சொல்லி வருகிறோம். ஸைது அம்ரை விட்டுப் பிரிந்தான் என்று எந்த உஸ்தாதும் சொன்னதில்லை. மேலும், படுக்கையில் விலகியிருத்தல் இரண்டாம் படியாக இந்த வசனத்திலேயே வந்துவிட்டது.

ஆகவே சொல்லை மாற்ற வேண்டாம். சொல்லை மாற்றித்தான் பெண்ணைக் காக்க முடியும் என்று எண்ணுவது, மாற்றாவிட்டால் அடிப்பவன் கட்சியே சரி என்று ஒப்புக்கொள்வதாகும். அந்த ஒப்புதலை நாம் தர மாட்டோம்.

கேள்வி இதுதான்: இந்தச் சொல்லுக்கு நடைமுறை விளக்கம் தரும் உரிமை யாருக்கு? உக்கடத்துக் கணவனுக்கா, வசனம் அருளப்பெற்ற நாயகம் (ஸல்) அவர்களுக்கா?

நாயகம் (ஸல்) அவர்கள் அறப்போரில் அன்றித் தம் கரத்தால் எவரையும் அடித்ததில்லை என்றும், மனைவியரையோ ஊழியரையோ ஒருபோதும் அடித்ததில்லை என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த இல்லத்தில் பிணக்கே இல்லையா? இருந்தது. ஒருமுறை ஒரு மாத காலம் மனைவியரை விட்டு நாயகம் (ஸல்) அவர்கள் தனித்திருந்தார்கள். கரம் மட்டும் உயரவில்லை. அபூதாவூத் தரும் ஒரு ஹதீஸோ நம் ஜமாஅத் அலுவலகங்களில் எழுதி மாட்டத் தக்கது. அல்லாஹ்வின் அடிமைகளாகிய பெண்களை அடிக்கலாகாது என்று முதலில் தடை வருகிறது. பெண்கள் துணிவு கொண்டுவிட்டார்கள் என்று உமர் (ரலி) முறையிட, அனுமதி கிடைக்கிறது. உடனே பெண்கள் பலர் திரண்டு வந்து நாயகத்தின் வீட்டாரிடம் தம் கணவர்களைப் பற்றிக் குறை கூறுகிறார்கள். அப்போது, அவ்வாறு அடிப்போர் உங்களில் நல்லோர் அல்லர் என்ற தீர்ப்பு வெளியாகிறது. நம் பயான்களில் உமரின் முறையீடு கேட்கிறது, அனுமதி கேட்கிறது, அந்தப் பெண்களின் குரலும் இறுதித் தீர்ப்பும் மட்டும் ஏனோ ஒலிபெருக்கியில் ஏறுவதேயில்லை!

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை மணம் பேசிய இருவரில் அபூஜஹ்ம் என்பவரை வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆலோசனை கூறியதற்குக் காரணம், அவர் பெண்களை அடிப்பவர் என்பதே. இன்று மாப்பிள்ளை பார்க்கப் போகும் நாம் எதை விசாரிக்கிறோம்? கடை சொந்தமா வாடகையா, துபாய் விசா இருக்கிறதா என்று கேட்கிறோம். கை நீளுமா என்று கேட்டோமா?

இமாம்களும் இவ்வழியே சென்றார்கள். காயம் படாத அடி எது என்று கேட்கப்பட்டபோது, மிஸ்வாக் குச்சி போன்றதால் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியதாகத் தபரி தம் தஃப்ஸீரில் அறிவிக்கிறார். அவருடைய மாணவர் அதாஉ இன்னும் ஒரு படி மேலே போனார்: மனைவி சொற்கேளாவிடினும் அடிக்கலாகாது, கோபித்துக்கொள்ளலாம், அவ்வளவே என்றார். அந்தலூஸியாவின் மாலிக்கி அறிஞர் இப்னுல் அரபி இதை எடுத்துக் காட்டி, இது அதாஉவின் ஆழ்ந்த ஃபிக்ஹ் ஞானம் என்று மெச்சுகிறார். இமாம் ஷாஃபிஈ அடியை விட்டுவிடுவதே தமக்கு விருப்பமானது என்று எழுதினார்கள். இவர்களில் எவரும் ஆங்கிலம் கற்றவர் அல்லர். மேனாட்டாருக்கு அஞ்சியவரும் அல்லர்.

‘அப்படியானால் அந்தச் சொல் ஏன் அருளப்பட்டது?’ என்று கேட்பார்கள். தடியெடுத்தவனுக்குக் கணக்கே இல்லாத சமுதாயம் அது. அவன் முன்னே உபதேசம் என்று ஒரு கதவும், விலகியிருத்தல் என்று மற்றொரு கதவும் வைக்கப்பட்டன. மூன்றாவதற்கு வரம்பு இடப்பட்டது. நான்காவது கதவே இல்லை. வசனமோ, அல்லாஹ் உயர்ந்தவன், பெரியவன் என்னும் இரு திருநாமங்களோடு நிறைவு பெறுகிறது. யாருக்குச் சொன்னது? ஓங்கிய கைக்குச் சொன்னது. நம் ஆண்கள் முதலிரண்டு கதவுகளைத் திறந்து பார்ப்பதேயில்லை, சுவரேறிக் குதிக்கிறார்கள்.

‘நுஷூஸ்’ என்ற சொல்லும் அவர்கள் கையில் படாத பாடு படுகிறது. எழுந்து மேலோங்கி நிற்றல் என்பது அதன் வேர்ப்பொருள். இறுதி ஹஜ்ஜின் பேருரையைத் திர்மிதி அறிவிக்கும்போது இந்த நடவடிக்கையைப் பகிரங்கமான மானக்கேட்டோடு பிணைத்தே அறிவிக்கிறார். குழம்பில் உப்பு மிகுந்தது நுஷூஸ் அன்று. வீட்டுச் செலவுக்குப் பணம் கேட்பது நுஷூஸ் அன்று. மீதமிருக்கும் கைக்கூலியைத் தாய்வீட்டிலிருந்து வாங்கி வர மறுப்பது நுஷூஸ் அன்று. அதைக் கேட்டு வாங்குவதே ஹராம். நம்மிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் அடங்கும். இதே அத்தியாயத்தின் 128ஆம் வசனத்தில் அதே ‘நுஷூஸ்’ கணவன் மீது சுமத்தப்பட்டிருக்கிறது என்பதை எத்தனை மிம்பர்கள் சொல்லியிருக்கின்றன?

இனி 35ஆம் வசனத்துக்கு வருவோம். பிளவு நேரும் என்று அஞ்சினால் அவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் அவள் குடும்பத்திலிருந்து ஒருவரையும் நடுவராக நியமிக்குமாறு கட்டளை இருக்கிறது. யாருக்குக் கட்டளை? ஆட்சிப் பொறுப்புடையோருக்கு என்பதே முஃபஸ்ஸிர்களில் பெரும்பாலோர் கொண்ட கருத்து. இன்று நம் ஊரில் அந்தப் பொறுப்பு யார் தோளில்? முத்தவல்லியே, தங்கள் தோளில்! முந்தைய வசனம் கணவனுக்கு வரம்பு விதித்தது. இந்த வசனம் தங்களுக்குக் கடமை விதித்தது. வரம்பை உரிமையாக்கிக் கொண்டார் அவர். கடமையை மறந்துவிட்டீர்கள் தாங்கள்.

அலீ (ரலி) அவர்களிடம் ஒரு தம்பதியர் தத்தம் கூட்டத்தாரோடு வந்தனர். நடுவர்கள் நியமிக்கப்பட்டனர். சேர்த்து வைப்பதும் பிரித்து வைப்பதும் நடுவர்களின் பொறுப்பு என்று அலீ (ரலி) அறிவுறுத்தினார்கள். அந்தப் பெண், எனக்குச் சாதகமாயினும் பாதகமாயினும் அல்லாஹ்வின் வேதத்தை ஏற்கிறேன் என்றாள். அவனோ, பிரிவை மட்டும் ஏற்கேன் என்றான். அவளைப் போல் நீயும் ஒப்புக்கொள்ளும் வரை இங்கிருந்து போக முடியாது என்று அவனைத்தான் அலீ (ரலி) கண்டித்தார்கள். நடுவர் பிரித்து வைப்பதற்குக் கணவனின் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது நம் ஹனஃபி மத்ஹபு. வேண்டியதில்லை என்பது மாலிக்கி மத்ஹபு. அந்தக் கருத்து வேற்றுமையை நாம் அறிவோம். ஆனால் நடுவரையே வைக்காமலிருக்க எந்த மத்ஹபு இடம் தருகிறது?

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) விடியல் இருட்டில் நாயகத்தின் வாசலில் வந்து நின்றார்கள். கணவர் ஸாபித் அடித்ததில் உறுப்பொன்று முறிந்திருந்ததாக அபூதாவூதின் அறிவிப்பு. நீ நுஷூஸ் செய்தாயா என்ற விசாரணை அங்கே நடந்ததாக நாம் படிக்கவில்லை. மஹராகக் கொடுத்த தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு அவளைப் பிரிந்து விடுமாறு ஸாபிதுக்கே ஆணை பிறந்தது. கதவு திறக்க எவ்வளவு நேரமாயிற்று என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு பெண் குலா கேட்டு எத்தனை வெள்ளிக்கிழமை நடக்க வேண்டியிருக்கிறது!

நாம் செய்யாததைப் பிறர் செய்தார்கள். 2002இல் ஷமீம் ஆரா வழக்கில், இரு குடும்பத்து நடுவர் முயற்சிக்குப் பின்னரே தலாக் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 35ஆம் வசனத்தின் நெறியை நமக்கே நினைவூட்டியது. வெட்கம் நமக்குத்தான். நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. கணவனின் கொடுமையில் சிக்கிய பெண்ணுக்கு ஹனஃபி சட்டத்தில் வழி குறுகியிருக்கக் கண்டு, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி மாலிக்கி மத்ஹபின் துணையை நாடி நூலெழுதினார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1939இல் வந்த முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், வழக்கமாக அடிக்கும் கணவனிடமிருந்து விடுதலை கேட்கும் உரிமையைப் பெண்ணுக்கு எழுத்தில் தந்தது. ஆலிம்களே கேட்டுப் பெற்ற சட்டம் அது! உக்கடத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அரைகுறையாக ஓதுவதில் அந்நியரும் நமக்குச் சளைத்தவர் அல்லர். 2007இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில், அடிக்கும் கணவனிடமிருந்து விரைவான மணவிலக்குக் கேட்ட மொராக்கோ வழிவந்த ஒரு பெண்ணுக்கு, இந்த 34ஆம் வசனத்தைச் சுட்டிக்காட்டி நீதிபதி ஒருவர் மறுத்துவிட்டார். கண்டனம் எழுந்து அவ்வழக்கு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. முஸ்லிமல்லாத அந்த நீதிபதிக்கு இந்த வியாக்கியானத்தைக் கற்றுக் கொடுத்தவர் யார்? நம் வாழ்க்கையே கற்றுக் கொடுத்தது.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அம்மையார் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைத்தபோது நம்மில் பலர் கொதித்தோம். பெண்களுக்குத் தனிப் பள்ளிவாசல் என்ற அவருடைய எண்ணத்தோடு நமக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆயினும், ஆண்கள் மட்டும் அமர்ந்து, பெண்ணை அழைத்துக் கேளாமலே அவள் வழக்கைத் தீர்க்கிறார்கள் என்று அவர் கூறிய குற்றச்சாட்டுக்கு நம்மில் எவர் பதில் கூறினார்? 35ஆம் வசனம் நடைமுறையில் இருந்திருந்தால் அவருக்கு அந்த வேலையே இருந்திராது.

நாம் கேட்பது புதுமையன்று. வழக்கு வந்த வாரத்திலேயே இரு நடுவரை நியமித்து ஜமாஅத் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். அவளுடைய நடுவரை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அவள் வாயால் அவள் வழக்கைக் கேளுங்கள். காயத்தோடு வருபவளை முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். 2006 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை அவள் நாடினால், ஜமாஅத்தின் மானம் போயிற்று என்று அவளைத் தடுக்காதீர்கள். மானம் போனது அதற்கு முந்தியே.

நம் மாணவர் விஷயத்தில் அவருடைய பெரியத்தாவும், பெண்ணின் தாய்மாமாவும் நடுவராக அமர்ந்தார்கள். மூன்று அமர்வு நடந்தது. மருத்துவச் செலவும் மாதந்தோறும் வீட்டுச் செலவும் அவர் தர வேண்டும், ஆறு மாதம் அவள் தன் அத்தா வீட்டில் இருக்க வேண்டும், அதன்பின் சேர்வதா பிரிவதா என்பதை அவளே சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். மாணவரும் கையொப்பமிட்டார், நம் முகத்தைப் பாராமலே. ஆறு மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.