ஆர்.சி.யின் ஓரத்தில் ஒரு வரி

"இத்தனை ஆயிரம் மோட்டார் சைக்கிள்களைத் திரும்பப் பெறுகிறது நிறுவனம்" என்று நம் பத்திரிகைகளில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். அதைப் படிக்கிறவர்களில் பலர் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். மற்றவர்கள் நம் வண்டியாக இருக்காது என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். உண்மையில் வண்டியை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தொழிற்சாலையிலேயே கோளாறாக அமைந்துவிட்ட ஒரு பாகத்தைக் காசு வாங்காமல் மாற்றித் தருகிறார்கள், அவ்வளவுதான். அதைப் "பழுது நீக்க அழைப்பு" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு "ரப்பெல்" என்று பெயர். திரும்ப அழைத்தல் என்பது ஒரு பொருள், நினைவூட்டல் என்பது இன்னொரு பொருள். நம் நாட்டில் முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டோம். அழைப்பு விடுத்ததும் கடமை முடிந்தது. அது போய்ச் சேர வேண்டியவரிடம் சேர்ந்ததா என்று கேட்பார் இல்லை. என் கோபம் அதன் மீதுதான்.

சார்ஜிங் கோளாறையே எடுத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது மேக்னெட் காயிலில் மாறுமின்சாரம் உண்டாகிறது. அதை நேர்மின்சாரமாக்கி, பதினான்கு பதினான்கரை வோல்ட்டுக்கு மேல் போகாமல் அடக்கி, பேட்டரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் என்ற சிறிய பெட்டி. அது கெட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். மின்சாரம் போதாமல் பேட்டரி வடிந்துபோகும். அல்லது அளவு மீறிப் பாய்ந்து பேட்டரி கொதிக்கும், பல்புகள் போகும், ஒயர்கள் உருகும்.

நம் வயதுக்காரர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கலாம். நாம் ஓட்டிய லூனாவிலும் டி.வி.எஸ். 50-லும் பேட்டரியே கிடையாது. மிதித்தால் கிளம்பும். இன்றைய வண்டி அப்படியில்லை. 2017 ஏப்ரல் முதல் வரும் புது வண்டிகளில் முன்விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டரும் போய்விட்டது. பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுவதும் மின்சாரம்தான். பல வண்டிகளில் கிக்கரும் இல்லை. பேட்டரி வடிந்தால் விளக்கு மங்கும், எஞ்சின் நிற்கும், திரும்பக் கிளப்பவும் முடியாது. இது நடுச்சாலையில் இரவு பத்து மணிக்கு நடந்தால் பின்னால் வரும் லாரிக்கு நம் பிள்ளை கண்ணில் படமாட்டான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் சுசுகி நிறுவனம் 70,000-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களை இந்தப் பெட்டிக்காகவே அழைத்தது. உள்ளே இருக்கும் மின்பலகை வெளிக்கூட்டோடு சரியாக ஒட்டாததால் சூடு வெளியேறாமல் பெட்டி கெட்டது. நமக்குப் பக்கத்திலேயே வண்டி தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் மெட்டியோர், கிளாசிக், புல்லட் 350 வண்டிகளில் 2,36,966-ஐ அழைத்தது. அது இக்னிஷன் காயில் கோளாறு. பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளில்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டும், எல்லாவற்றையும் சோதிக்க அழைத்தார்கள். தவறு தெரிந்ததும் சொல்வது நல்ல காரியம். அதை நான் குறை சொல்லவில்லை.

சொன்னது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு பைக் வாங்கினான். அவன் மூன்றாவது கை. ஒரு ராத்திரி காலாப்பட்டு தாண்டி வரும்போது விளக்கு மங்கி வண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். மறுநாள் மெக்கானிக் அந்தப் பெட்டியை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டார். பல மாதம் கழித்து வேறு வேலையாக சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, "உங்க வண்டி நம்பருக்கு இது ஃப்ரீயா மாத்தணும்னு வந்திருக்கே, மெசேஜ் வரலையா?" என்று கேட்டிருக்கிறார்கள். மெசேஜ் போயிருக்கிறது, முதல் சொந்தக்காரருக்கு. அவர் வண்டியை விற்று வருஷக்கணக்காகிறது. "அவர் என்ன தாத்தா பண்ணுவார்? படிச்சிட்டு அழிச்சிருப்பார்" என்றான் பையன். அவன் சொன்னது சரி. அந்த மனிதர் மேல் குற்றமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-இல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக முன்வந்து அழைப்பதற்கு ஒரு நெறிமுறை வகுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் விதிகளும் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அந்த விதிகள் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். ஆர்.சி.யோ பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். ஏழிலிருந்து பதினைந்து வரை அந்த வண்டியில் போகிறவன் உயிருக்கு யார் பொறுப்பு? அந்த வயது வண்டிகளை வாங்குவது யார்? புது வண்டிக்கு வசதியில்லாத கொத்தனாரும், டெலிவரிக்குப் போகும் பையனும், கல்லூரி மாணவனும்தானே?

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எந்தத் தகவல் பதிவேட்டில் ஏறுகிறதோ அதற்குத்தான் அலுவலகத்தில் மரியாதை. ஆர்.சி.யைப் பாருங்கள். கடன் வாங்கி எடுத்த வண்டி என்றால் கடன் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். பெயர் மாற்ற வேண்டுமானால் படிவம் 29, 30 போதாது. படிவம் 35 கொண்டுவந்து கடனை நீக்கிவிட்டு வா என்பார்கள். இன்ஷூரன்ஸ் எங்கே, புகைச் சான்று எங்கே என்பார்கள். வண்டியில் உயிருக்கு ஆபத்தான கோளாறு இருப்பதாகத் தயாரித்தவரே அறிவித்திருந்தால், அதற்கு மட்டும் ஆர்.சி.யில் ஒரு கட்டம் கிடையாது. வங்கியின் பணத்துக்குக் கிடைத்த இடம் ஓட்டுகிறவன் உயிருக்குக் கிடைக்கவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு எத்தா சிவில் பதிவேடு தெரியும். பிறப்புப் பத்திரத்தின் ஓரத்தில் பின்னாளில் நடந்த கல்யாணத்தைக் குறித்திருப்பார்கள். வெறும் ஓரக்குறிப்புதான். யார் எப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அது கண்ணில் படும். வண்டிப் பதிவிலும் நான் கேட்பது அப்படி ஒரு வரி. அழைப்பு அறிவித்த அன்றே "இந்தக் கோளாறு, இன்னும் நீக்கவில்லை" என்று ஏற வேண்டும். பழுது பார்த்ததும் "நீக்கப்பட்டது" என்று மாற வேண்டும். பெயர் மாற்றத்துக்கு வரும்போது அந்த வரியைக் காட்டி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அப்போதைய சொந்தக்காரருக்கு, பதிவேட்டில் உள்ள முகவரிக்கு, தமிழில் ஒரு தபால் போக வேண்டும்.

ஊழியர்களுக்கு வேலைப் பளு என்பார்கள். பதிவேடு முழுவதும் கணினியில் இருக்கிறது. நிறுவனத்திடம் சேசிஸ் எண்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிடுவது இயந்திரத்தின் வேலை. எங்கள் காலத்தில் இதைவிடப் பெரிய பட்டியல்களைப் பேனாவால் சரிபார்த்திருக்கிறோம். எஸ்.எம்.எஸ். போதாதா என்பார்கள். மோசடிச் செய்திகளுக்குப் பயந்து எதையும் திறக்காதே என்று நமக்குச் சொல்லித் தருவதும் இதே அரசுதான். தபால் செலவு என்பார்கள். அது கோளாறு செய்தவரின் செலவு.

வெளிநாட்டில் நடக்காததையா கேட்கிறேன்? அமெரிக்காவில் பதிவேட்டில் உள்ள சொந்தக்காரருக்குத் தபாலில் கடிதம் போட வேண்டும் என்பது சட்டம். பாதுகாப்பு அறிவிப்பு என்று உறையின் மேலேயே அச்சடித்திருக்க வேண்டும். ஜெர்மனியில் வாகனப் பதிவேட்டை வைத்திருக்கும் அரசு அலுவலகத்திலிருந்தே முகவரி எடுத்துக் கடிதம் போகிறது. ஆபத்தான கோளாறை நீக்காமலே விட்டால் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டவே தடை வரலாம்.

அந்த வரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே மகனோ பேரனோ ஓட்டும் வண்டியின் ஆர்.சி.யை வாங்கி, சேசிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள்: "இந்த எண்ணுக்கு ஏதாவது பழுது நீக்க அழைப்பு இருக்கிறதா?" பழைய வண்டியாக வாங்கியிருந்தால் கட்டாயம் கேளுங்கள். கூடவே போக்குவரத்துத் துறைக்கு ஒரு மனுவும் எழுதிப் போடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். அந்த வேலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.