காத்திருக்கும் போத்தல்கள்

மாரிமழை எம்மவரைத் திண்ணையில் ஒதுக்கி வைப்பது போலக் குளிர்காலம் மேல்நாட்டவரை உள்ளறைகளில் ஒதுக்கி விடுகின்றது. இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள மான்செஸ்டர் நகரிலே, டிசம்பர் மாதக் கடைக்கூற்றில் காலை 8 மணி கடந்த பின்னரே கதிரவன் தலைகாட்டுகின்றான்; மாலை 4 மணி அடிக்குமுன் மறைந்தும் விடுகின்றான். பகற்பொழுது ஏறக்குறைய ஏழரை மணி நேரந்தான். எஞ்சிய நெடிய இருளை எப்படிப் போக்குவது? பெண்டிர் பலர் கம்பளி பின்னுகின்றனர். சிலர் தபால் முத்திரை சேர்க்கின்றனர். சிலர் விளையாட்டுப் புகைவண்டிக்குத் தண்டவாளம் அமைக்கின்றனர். வேறு சிலர் தம் வீட்டுக் கொட்டிலிலே பியர் காய்ச்சுகின்றனர்.

"குடும்பப் பகுதியிலே மதுவைப் பற்றிய பேச்சா?" என்று தாய்மார் முகஞ் சுளிக்க வேண்டாம். யான் மதுவைத் தொடாதவன். பிறரைத் தொடுமாறு தூண்டுபவனும் அல்லன். அன்றியும், அனுமதிப் பத்திரமின்றி மது உண்டாக்குவதை எம் நாட்டு மதுவரிச் சட்டம் குற்றமெனக் கொள்கின்றது. இவ்வாரம் யான் சொல்லப் புகுவது அந்தப் பானத்தைப் பற்றியன்று; அதனைச் சுற்றி நின்று அம்மனிதர் பேசிக்கொள்ளும் பேச்சைப் பற்றியே.

சென்ற குளிர்காலத்தை மான்செஸ்டரின் புறநகரொன்றில் வாழும் என் மருமகன் இல்லத்திற் கழித்தேன். அவன் அங்குள்ள வைத்தியசாலையில் பணிபுரிகின்றான். அயல்வீட்டார் ஐவர் மாதம் இருமுறை சனிக்கிழமைகளில் ஒன்றுகூடிப் பியர் காய்ச்சுவர். "மாமா, வீட்டினுள்ளே கணப்பின் முன் எத்தனை நாள் இருப்பீர்கள்? அவர்களிடம் போய்ச் சற்றுப் பேசிக்கொண்டிருங்கள்" என்று அவனே என்னை அங்கு அழைத்துச் சென்றான்.

முதலில் இக்கலையின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். பியருக்குக் குளிர்காலமே உற்ற பருவம் என்பதை ஐரோப்பியர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கோடையிற் காய்ச்சியது விரைவிற் கெடுவதைக் கண்ட பவேரிய அரசு, செப்டெம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரையுமே பியர் காய்ச்சலாம் என்று 1553 ஆம் ஆண்டிற் கட்டளையிட்டது. நோர்வே நாட்டின் பழைய சட்டமொன்றோ, நத்தார்ப் பண்டிகைக்குப் பியர் காய்ச்சாத குடியானவனுக்குத் தண்டம் விதித்தது! கெடுவதன் காரணம் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1876 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதன் பின்னர் 1883 இல் கொப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் என்பார் தூய ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தார்.

இங்கிலாந்தில் வீட்டிற் பியர் காய்ச்ச அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற விதி 1880 ஆம் ஆண்டளவில் வந்தது. 1963 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அவ்விதியை நீக்கினார். அன்று தொட்டு, விற்பனை செய்யாத வரையில், எவரும் தம் வீட்டிற் காய்ச்சலாம். அமெரிக்காவிலோ 1933 இல் மதுவிலக்கு நீங்கிய பின்னரும், வீட்டில் வைன் செய்வதற்குக் கிடைத்த சலுகை பியருக்குக் கிட்டவில்லை. 1978 இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே மத்திய அரசின் அத்தடையை நீக்கியது.

நிற்க. செய்முறை யாதெனின், முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, ஏறத்தாழ 66 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுவர். அவ்வேளை பார்லியிலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பின்னர் அவ்வினிய சாற்றை வடித்து, ஹொப் என்னும் கொடியின் பூக்களை இட்டு, மேலும் ஒரு மணி நேரம் கொதிக்க வைப்பர். கைப்புச் சுவையையும் கெடாமற் காக்கும் தன்மையையும் அப்பூக்களே தருவன. அதன்பின் சாற்றை 20 பாகை வரை விரைந்து ஆற்ற வேண்டும். குழாய்நீர் பனிபோலக் குளிர்ந்திருக்கும் மாரியில் இவ்வேலை எளிது. இறுதியாக ஈஸ்டைச் சேர்த்து மூடிவைத்தால், ஒன்றிரண்டு வாரங்களில் நொதித்தல் முடியும். நீரமானி 1.045 என்று காட்டிய சாறு 1.010 ஆக இறங்கிவிட்டால், மது ஏறக்குறைய நாலரை வீதம் உண்டாகியிருக்கும்.

அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கும் எம் தாய்மாருக்கு இதில் வியப்பில்லை. கள் விட்டுப் பிசைந்த மா கொழும்பிற் பொங்குவது போல நுவரெலியாவிற் பொங்குவதில்லை அன்றோ? வெப்பமும் நேரமும் அறிந்து நடப்பவருக்கே ஈஸ்ட் பணிபுரியும். எத்தனை அவசரம் இருப்பினும் அதனைத் துரிதப்படுத்த இயலாது.

பியர் காய்ச்சும் நாளில் ஐந்தாறு மணி நேரம் கழிகின்றது. அதிற் பாதிக்கு மேல் வெறுங் காத்திருப்பே. அக்காத்திருப்பில் என்ன பேசுகின்றனர்? யான் கேட்டவற்றுட் சில இவை.

"எங்கள் தொழிற்சாலையில் இரவு வேலையை நிறுத்தப் போகின்றார்களாம். வாளியில் வெப்பம் எவ்வளவு?"

"பதினெட்டு. உனக்கு வேலை போய்விடுமா?"

"பங்குனியிற்றான் தெரியும்" என்று எம் நாட்டில் ஒருவன் சொல்லியிருப்பான். அவனோ, "மார்ச்சில் தெரியும்" என்று கூறிவிட்டு, போத்தல்களைக் கழுவத் தொடங்கினான்.

இன்னொரு நாள், "அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டார்" என்றான் மின்சார வேலை செய்யும் ஒருவன். "எந்த வைத்தியசாலை?" என்றார் ஓர் ஆசிரியர். பதில் கிடைத்ததும் பேச்சு மீண்டும் ஹொப் பூவின் விலைக்குத் திரும்பிவிட்டது.

இதனைக் கேட்கும் எம்மவர், 'என்ன கல்நெஞ்சர் இவர்!' என்று எண்ணக்கூடும். ஆயின், மறுநாட் காலை அவ்வாசிரியர் தம் மோட்டார் வண்டியில் அம்மூதாட்டியைப் பார்க்கச் சென்றதை என் மருமகன் வைத்தியசாலையிற் கண்டான். கேள்விகள் குறைவு, கேட்டவை மறக்கப்படுவதில்லை.

ஐவருள் மூத்தவர் கந்தோர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர். இருதய நோயினால் ஒரு துளியும் குடிக்கலாகாது என்று வைத்தியர் அவருக்குக் கட்டளை இட்டுவிட்டார். எனினும் ஒரு சனிக்கிழமையும் அவர் தவறுவதில்லை. பாத்திரங்களின் தூய்மை அவர் பொறுப்பு. தாம் காய்ச்சியதை முகர்ந்து பார்த்து, "நன்று" என்றோ "அவசரப்பட்டு விட்டோம்" என்றோ தீர்ப்புக் கூறுவார். போத்தல்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

முன்னர் ஆறாவதாக ஒருவரும் இருந்தாராம். பொழுதுபோக்கு அவருக்குப் படுகுழியாயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் நாற்பது போத்தல்கள் இருக்கையில் எல்லையோடு நிற்பது எல்லோர்க்கும் இயல்வதன்று. தாய்மாரின் அச்சம் வீணானதன்று. அவர் விலகிய பின்னர் நண்பர் எவரும் அவர் வீட்டுக்குப் போத்தல் கொண்டு செல்வதில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் யாரேனும் ஒருவர் தொலைபேசியில் அவரை நலம் விசாரிப்பர். கதைப்பதெல்லாம் காற்பந்தாட்டந்தான்.

இனி, என் மனத்தை விட்டகலாத செய்தியைக் கூறுகின்றேன். அவர்களுள் ஒருவர் பஸ் சாரதி. அவர் மனைவிக்கு மார்புப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்தேற்றுவர். அம்மருந்தினால் வாசனைகளெல்லாம் அம்மாதுக்குக் குமட்டலை உண்டாக்கின. கொதிக்கும் பார்லியின் மணம் அவற்றுட் கொடியது. காய்ச்சுவது அதுவரை அவர்கள் வீட்டுக் கொட்டிலிலேதான். ஒருவரும் கூட்டம் கூட்டி ஆலோசிக்கவில்லை. ஒரு ஞாயிறன்று வந்து, அண்டாக்களையும் அடுப்பையும் தூக்கி ஆசிரியரின் வீட்டுக் கொட்டிலுக்குக் கொண்டு சென்றுவிட்டனர்.

சாரதி இரண்டு முறை வரவில்லை. மனைவி நோயுற்றுக் கிடக்கப் பொழுதுபோக்கை நாடுவது பாவம் என்று அவர் நினைத்தார். மூன்றாம் முறை அவரை அனுப்பியவர் அம்மாதே. "நாள் முழுவதும் என் முகத்தையே பார்த்திருந்தால் நான் நோயாளி என்பது எனக்கு மறக்குமா? போய்விட்டு வந்து எனக்கு ஊர்க்கதை சொல்லுங்கள்" என்றாராம்.

ஆண்டுதோறும் ஜனவரியில் அவர்கள் 'பார்லி வைன்' எனப்படும் கடும் பியர் ஒன்றைக் காய்ச்சுவது வழக்கம். பெயர் வைனாயினும் அது பியரே. வழமையான அளவைப்போல இருமடங்கு பார்லி வேண்டும். ஓராண்டு ஆறவிட்டால்தான் சுவை முதிரும். அடுத்த டிசம்பருக்கு முன் அதனைத் திறப்பதில்லை. போத்தல்களில் ஒட்டும் சீட்டுகளை எழுதுபவர் எப்போதும் சாரதியின் மனைவியே. காய்ச்சிய நாளையும் திறக்கும் நாளையும் அழகிய கையெழுத்தில் எழுதுவார்.

இவ்வருடம் ஜனவரி பிறந்தும் சாரதி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏனையோரும் கேட்கவில்லை. காரணம் எல்லோரும் அறிந்ததே. ஓராண்டு காத்திருக்க வேண்டிய ஒன்றைத் தொடங்குவதற்கு அவர் கை எழவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை, அண்டாவைக் கிளறியவாறே, வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "பெரிய பியர் ஏன் இவ்வருடம் இல்லை என்று அவள் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 'டிசம்பரில் நான் இருப்பேனா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். சீட்டுகளைக் கொண்டு வாருங்கள்' என்றாள்."

கொட்டிலில் ஒருவரும் பேசவில்லை. கொதிக்கும் ஒலி மட்டும் கேட்டது. சிறிது நேரம் கழித்து ஆசிரியர், "எத்தனை கிலோ பார்லி வேண்டும்?" என்றார்.

"ஒன்பது."

"என்னிடம் ஒன்பது கிலோ இருக்கின்றது" என்றார் அவர். சில வாரங்களுக்கு முன்னரே அதனை வாங்கி வைத்துக் காத்திருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. மூட்டையின் மேலிருந்த தூசி சொல்லிற்று.

மறுவாரமே அதனைக் காய்ச்சினர். சீட்டுகளை அம்மாது படுக்கையிலிருந்தே எழுதினார். எழுத்து முன்போல நேராக இல்லை. ஆனால் டிசம்பர் என்ற சொல் தெளிவாக இருந்தது. யான் ஊர் திரும்பியபோது மருந்தேற்றும் முறைகள் முடியவில்லை. அப்போத்தல்கள் இன்னும் ஆசிரியர் வீட்டு நிலவறையிலேயே இருக்கின்றன.

எம் ஊரிலும் இத்தகைய கூட்டங்கள் இருந்தன. ஆண்டுக்கொருமுறை வேலியடைக்கும் நாளில் அயலவர் ஒன்றுகூடுவர். ஒருவர் கிடுகை எடுத்துக் கொடுக்க, ஒருவர் குத்தூசி கோக்க, மறுபுறத்தில் ஒருவர் கயிற்றை இழுப்பார். முகம் தெரியாது; குரல் மட்டும் கேட்கும். கடனும், மகளின் கலியாணமும், தந்தையின் நோயும் அவ்வேலியினூடாகவே பேசப்பட்டன. இன்று பல வீடுகளில் மதில் எழுந்துவிட்டது. மதிலுக்கு ஆண்டுதோறும் அயலவர் துணை வேண்டியதில்லை. கறையான் தொல்லை நீங்கியது நன்றே. ஆனால் அப்பேச்சுக்கு வேறோர் இடம் தேடிக்கொள்ள நாம் மறந்துவிட்டோம்.

"உன் மனக்கவலை யாது?" என்று நேர்முகமாகக் கேட்டால் ஆடவர் பெரும்பாலும், "ஒன்றுமில்லை" என்றே விடை பகர்வர். கைக்கு ஒரு வேலையும், கண்ணுக்கு வேறொரு திசையும், அவசரமில்லாத ஒரு மணி நேரமும் கொடுத்தாற் சொல் தானே வெளிவரும். அந்த வேலை யாதாயினும் ஆகுக: சைக்கிள் திருத்துதல், தோட்டம் கொத்துதல், கோயிற் பாத்திரம் துலக்குதல் எதுவும் போதும்.

ஆதலின், நோய் புகுந்த வீட்டுக்குச் செல்லும் அன்பர்களே, ஹோர்லிக்ஸ் போத்தலோடு கேள்விகளையும் சுமந்து செல்லாதீர்கள். "கிணற்றுக் கயிறு தேய்ந்திருக்கின்றதே, மாற்றுவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். கயிறு மாற்றி முடிவதற்குள் நீங்கள் அறிய வேண்டியதை அவ்வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். சொல்லாவிடினும், அவர்க்கு ஒரு வேலை குறையும்.