பிறகு பார்க்கலாமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சு: "முதல்ல கம்பெனி வரட்டும், வேலை கிடைக்கட்டும், கழிவு கிழிவெல்லாம் பிறகு பார்க்கலாம்." இதைச் சொல்கிறவர்கள் சிஸ்ஸோ கதையைப் படித்ததில்லை போலும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊருக்கு 1908-ல் வந்த ரசாயனக் கம்பெனி அது. முதலில் உரம், 1932 முதல் பிளாஸ்டிக் தொழிலுக்கான அசிட்டால்டிஹைடு. ஊருக்கே சோறு போட்டது, பொய்யில்லை. பாதரசக் கழிவைக் கடலில் விட்டது, அதுவும் பொய்யில்லை. மீன் தின்ற பூனைகள் துடித்துச் செத்தன. 1956-ல் மனிதர்களுக்கும் அதே நோய் என்று தெரிந்தது. 1959-ல் ஆலை மருத்துவர் ஹோசோகவா கழிவுநீரைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே துடிப்பு! நிர்வாகம் முடிவை மூடி மறைத்தது.

அந்த டிசம்பரிலேயே நோயாளிகளோடு ஒப்பந்தம். செத்தவருக்கு 3 லட்சம் யென். நாளை ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேலே கேட்கக் கூடாதாம். (மடியில் கனமில்லாதவனுக்கு இந்த நிபந்தனை எதற்கு?) 1968 வரை கழிவு ஓடியது. 1973-ல்தான் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. இழப்பீடு கொடுக்க முடியாமல் தள்ளாடிய கம்பெனியைத் தாங்கியதும் அரசுக் கடன்தான். லாபம் மட்டும் தனியார்!

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளமும் இருக்கிறது, மீனவர்களும் இருக்கிறார்கள். "பிறகு" என்கிறவர்கள், கழிவுநீர் எந்தப் பக்கம் போகும் என்பதை முதலில் சொல்லட்டும்.