நடக்கிறவனுக்கு ஒரு பாலம்

பெசன்ட் நகர் பக்கம் அடையாறு கடல்ல சேருற இடத்துல ஒரு உடைஞ்ச பாலம் நிக்குமே, சினிமாக்காரங்க மாத்தி மாத்தி ஷூட்டிங் எடுப்பாங்களே, அது யாருக்காகக் கட்டினதுன்னு தெரியுமா? மீனவர்கள் நடந்து போறதுக்கு. 1967-ல கட்டினாங்க, 1977-ல ஆத்துத் தண்ணி ஒரு பகுதியை அடிச்சுக்கிட்டுப் போச்சு. அதோட சரி. கார் போற பாலமா இருந்திருந்தா இத்தனை வருஷம் அப்படியே விட்டு வெச்சிருப்பாங்களா?

திருச்சி கொள்ளிடம் பாலத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். 1928-ல கட்டின பாலம். 2016-ல புதுப் பாலம் வந்ததும் வண்டிகளை நிறுத்திட்டு வாக்கிங் போறவங்களுக்கு விட்டாங்க. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல தூண் சரிஞ்சு, அதுவும் போச்சு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சிதம்பரம் ஊரையும் அண்ணாமலை பல்கலைக்கழகத்தையும் பிரிக்கிறது ரயில் பாதை. அங்கே ரயில்வே மேம்பாலம் வந்தது வண்டிக்காரங்களுக்கு நிம்மதி, மறுக்கலை. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. பொதுவா இந்த மாதிரி மேம்பாலத்துல 30 மீட்டருக்கு 1 மீட்டர்தான் ஏத்தம் வைப்பாங்க. 8 மீட்டர் உயரம்னா ஒரு பக்கத்துக்கு 240 மீட்டர். அதாவது நாலு எட்டுல தாண்டுற தண்டவாளத்துக்கு, நடக்கிறவன் உச்சி வெயில்ல அரை கிலோமீட்டர் சுத்தணும். எவன் சுத்துவான்? தண்டவாளத்துலதான் இறங்குவான். இறங்கினா ரயில்வே சட்டம் 147-வது பிரிவு: ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். நல்லா இருக்குல்ல நியாயம்? :)

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல லாரன்ஸ் ரோடு கேட்டுக்குச் சுரங்கப்பாதை கட்டினாங்க. பொதுவாவே சுரங்கப்பாதைன்னா எனக்கு மழைக்காலம்தான் ஞாபகம் வரும். கடலூர்ல மழைன்னா என்னன்னு 2015 நவம்பரைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதுல நான் ஒரு வித்தியாசம் பார்க்கிறேன். ரோட்டைத் தாண்ட நடைமேம்பாலம் கட்டறதை நான் ஆதரிக்க மாட்டேன். லாரி போக 5.5 மீட்டர் விட்டு மேலே தளம் போட்டா சுமார் நாப்பது படி. முட்டிவலிக்காரப் பாட்டி அத்தனை படி ஏறணும், கார்ல ஏசி போட்டு உக்காந்திருக்கிறவர் பிரேக்ல கால் வைக்கக்கூடாதா? சிக்னல் போடுங்க, வேகத்தடை போடுங்க, போதும். அந்தப் பாலத்தை இடிச்சா நான் அழ மாட்டேன்.

ஆறும் ரயிலும் அப்படி இல்லை. பிரேக் போட்டு நமக்காக நிக்காது. அங்கே நடைபாலம் இருந்தே ஆகணும். 2017 செப்டம்பர் 29-ம் தேதி மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன்ல குறுகலான நடைபாலத்துல நெரிசல்ல சிக்கி 23 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ரயில்வே, நடைமேம்பாலம் ‘வசதி’ இல்லை, ‘பாதுகாப்பு’ன்னு வகைப்படுத்துச்சு. அந்த வகைப்படுத்தல் ஸ்டேஷனுக்கு உள்ளே மட்டும் இருந்தா எப்படி? கேட்டை மூடற இடத்துலயும் அதே மக்கள்தானே நடக்கிறாங்க?

காசு இல்லைன்னும் சொல்ல முடியாது. மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்டி 2023-ல திறந்தாங்க. லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் இருக்கு. சிதம்பரத்துக்கு அதுல பத்துல ஒரு பங்கு நீளம் போதும். கேட்டைப் பூட்டற அன்னைக்கே அது திறந்திருக்கணும், அவ்வளவுதான் நான் கேக்கிறது.