பாதை யாருக்குச் சொந்தம்?

கிரவல் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். தார் காணாத கிராமத்து வீதிகளிலே கொட்டிப் பரப்பப்படும் செம்மண்ணும் கல்லும் கலந்த பொருள் அது. மழைக்குச் சேறும் வெயிலுக்குப் புழுதியுமான அவ்வீதிகளுக்குத் தார் போடும்படி மனுக் கொடுத்தே நம்மவரிற் பலருக்கு வயது போய்விட்டது. இங்கிலாந்திலோ வசதி படைத்தோர் அந்தக் கிரவலைத் தேடிச் செல்கின்றனர். வளைந்த கைபிடியும் தடித்த ரயரும் கொண்ட 'கிரவல் சைக்கிள்' ஒன்றை ஆயிரம், இரண்டாயிரம் பவுண் கொடுத்து வாங்கி, மண்பாதைகளிலும் காட்டோரத் தடங்களிலும் நாட்கணக்கிற் சவாரி செய்வது அங்கே பரவிவரும் பொழுதுபோக்கு.

"பணமுள்ளவர்களின் விளையாட்டைப்பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று முற்போக்கு நண்பர் சிலர் கேட்கக்கூடும். மேலெழுந்தவாரியாக நோக்கின் இது நியாயமான கேள்வியே. ஆனால், நாம் இங்கே பேச வந்தது சைக்கிளின் விலையையன்று, அது ஓடும் பாதையை. பாதையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிலத்தைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. நிலத்தைப் பற்றிப் பேசுவோர் வர்க்கத்தைப் பற்றி மௌனம் சாதிக்கவும் முடியாது.

சைக்கிள் விற்போர் தமது விளம்பரங்களில் விற்கும் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: சுதந்திரம். பச்சைக் குன்று, பரந்த வானம், நடுவே தனியொரு மனிதன். அவன் நினைத்த திசையிற் செல்லலாம், அவனைத் தடுப்பார் எவருமில்லை என்பது அப்படம் சொல்லும் செய்தி. இது பொய். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு பெற்ற பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீற்றர் நீளமுடையவை. இவற்றுள் இங்கிலாந்தில் உள்ளவற்றிலே சைக்கிளோட்டிக்கு உரிமையுள்ளது சுமார் 22 சதவீதத்தில் மட்டுமே. எஞ்சியவற்றிற் பெரும்பகுதி நடையாளருக்கு மாத்திரம் உரிய பாதைகள். குதிரைப் பாதையிற் சைக்கிள் செல்லலாம். நடையாளர் பாதையிற் சென்றால் அது நிலச்சொந்தக்காரனின் உரிமையை மீறிய அத்துமீறல்.

இந்தப் பிரிவினை மண்ணின் இயல்பைக் கொண்டா செய்யப்பட்டது? இல்லவே இல்லை. 'றிட்ஜ்வே' என்னும் புராதன வழியை எடுத்துக்கொள்வோம். ஒவர்ட்டன் குன்றிலிருந்து ஐவிங்ஹோ முகடு வரை அது 139 கிலோமீற்றர் செல்கின்றது. அதன் மேற்குப் பாதியிற் சைக்கிளோட்டி உரிமையோடு செல்லலாம். தேம்ஸ் நதியைக் கடந்து கிழக்கே சென்றதும் பல இடங்களில் அவ்வழி நடையாளர் பாதையாகிவிடுகின்றது. பெயர் மாறவில்லை, வழியும் துண்டாகவில்லை. மாறியது வரைபடத்திலுள்ள கோட்டின் வகை மட்டுமே. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊர் ஊராகப் பாதைகளைக் கணக்கெடுத்து அந்த வரைபடங்களை ஆக்கினார்கள். எந்தத் தடத்தை எந்த வகையிற் பதிவது, எதை விட்டுவிடுவது என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. நிலவுடைமையாளரின் சொல்லுக்கு ஊர் மன்றங்களில் எத்துணை எடை இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். பதிவாகாமல் விடுபட்ட பழைய வழிகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்டவை என்று நடையாளர் சங்கம் 2020ஆம் ஆண்டிற் கணக்கிட்டது.

ஆகவே, கிரவல் சவாரிக்கென வகுக்கப்பட்ட வழி ஒன்று நேரே செல்லாது வளைந்து வளைந்து செல்வதைக் காண்போர், அதை இயற்கையின் எழில் என்று மட்டும் வியந்து நின்றுவிடலாகாது. குன்று மறித்ததாலும் ஆறு மறித்ததாலும் வந்த வளைவுகள் சில. சட்டமும் சொத்துரிமையும் மறித்ததால் வந்த வளைவுகளும் உண்டு.

இந்நிலை எவ்வாறு வந்தது? 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. அவற்றால் வேலிக்குள் அடைபட்ட நிலம் சுமார் 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்கு. ஏழை உழவன் மாடு மேய்த்த வெளியும் விறகு பொறுக்கிய காடும் தனிச்சொத்தாயின. சட்டம் செய்தவரே பெரும்பாலும் நிலப்பிரபுக்கள். திருடியவனே நீதிபதியாக அமர்ந்த வழக்கு அது. இன்றும் இங்கிலாந்தின் பாதி நிலம் மக்கட்டொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைந்தோரின் கையில் உள்ளதென ஆய்வாளர் கை ஷ்ரப்சோல் 2019ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்.

ஆங்கிலக் கவிதையென்றால் வேட்ஸ்வேர்த்தின் மஞ்சட் பூக்களோடு நிறைவுறும் வகுப்பறைகளை நாம் அறிவோம். ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக் கூலியாள் ஜோன் கிளேயரின் பெயர் அவ்வகுப்பறைகளில் அரிதாகவே ஒலித்தது. 1809ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தன் ஊரின் வெளிகள் வேலியிடப்பட்டதைக் கண்ணாற் கண்டு எழுதியவன் அவன். ஆங்கில நாட்டுப்புறத்தின் அழகை நமக்குக் கற்பித்தோர், அந்த அழகு யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் கற்பித்திருக்க வேண்டாமா?

2022ஆம் ஆண்டிலே நோர்போக் மாவட்டத்தில் நொரிச் நகரிற் றொடங்கி அங்கேயே முடியும் 373 கிலோமீற்றர் சைக்கிள் வழியொன்று திறக்கப்பட்டது. அதன் பெயர் 'கிளர்ச்சி வழி'. அப்பெயர் நினைவூட்டும் கிளர்ச்சிகளுள் ஒன்று 1549ஆம் ஆண்டில் றொபேட் கெற் நடத்தியது. வேலிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்த உழவர் கூட்டம் கெற்றின் நிலத்துக்கும் வந்தது. நிலச்சொந்தக்காரனாகிய அவன் அவர்களை எதிர்க்கவில்லை. தன் வேலியையும் சேர்த்துப் பிடுங்கி, அவர்களுக்குத் தலைவனானான். பதினாறாயிரம் பேர்வரை நொரிச்சுக்கு வெளியே பாசறை அமைத்து 29 கோரிக்கைகளை முன்வைத்தனர். பொது மேய்ச்சல் நிலத்தைப் பிரபுக்கள் பயன்படுத்தலாகாதென்பது அவற்றுள் ஒன்று. அரச படை அவர்களை வெட்டி வீழ்த்திற்று. டிசெம்பர் மாதத்தில் கெற் நொரிச் கோட்டையிலே தூக்கிலிடப்பட்டான்.

அவனுடைய கிளர்ச்சியின் நினைவு இன்று உல்லாசச் சவாரிக்குச் சூட்டப்பட்டுள்ளது. வழியை வகுத்த சைக்கிளோட்டிகள் சங்கம், பாதையுரிமையை விரிவாக்கக் கோரிப் போராடும் சங்கமுமாகும். அதை மறைப்பது நேர்மையன்று. நமது குற்றச்சாட்டு, பெயரைச் சுவைத்துவிட்டுப் பொருளை மறக்கும் மனப்பான்மையின் மீதே. வேலியைப் பிடுங்கியவனின் நினைவைச் சுமந்துகொண்டு, வேலி காட்டிய திசையில் வாய்பேசாது திரும்பிப் போவதற்குக் கிளர்ச்சி என்று பெயரா?

சைக்கிளுக்கும் போராட்டத்துக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் சரித்திரத்தைப் படிக்கட்டும். 1894ஆம் ஆண்டு பேர்மிங்ஹாமிற் பிறந்த கிளாறியன் சைக்கிள் கழகத்தின் இளைஞர்கள், சோஷலிசப் பத்திரிகைகளைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றவர்கள். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், பிரபுக்கள் பறவை வேட்டைக்கென மூடிவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில், நூற்றுக்கணக்கான தொழிலாளர் தடையை மீறி ஏறினர். தலைமை தாங்கிய இருபது வயதுக் கம்யூனிஸ்ட் இளைஞன் பெனி றொத்மன், புகையிரத நிலையத்திற் பொலிஸார் காத்திருப்பரெனக் கருதிச் சைக்கிளிலேயே அங்கு போய்ச் சேர்ந்தான். அவனுட்பட ஐவர் சிறை சென்றனர். அத்தகைய போராட்டங்களின் நெருக்குதலாலேதான் 1949ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. குதிரைப் பாதைகளிற் சைக்கிள் செல்லும் உரிமையைத் தந்ததோ 1968ஆம் ஆண்டுச் சட்டம். இன்றைய கிரவல் சவாரி அந்த உரிமையின் மேலேதான் உருள்கின்றது.

"பயிர் அழியும், மந்தை மிரளும், படலையைத் திறந்துவிட்டுப் போவார்கள்" என்பது நிலவுடைமையாளரின் வாதம். விவசாயியின் உழைப்பை நாம் துச்சமாக மதிக்கவில்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் ஸ்கொத்லாந்தைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே நடப்போரும் சைக்கிளோட்டிகளும் குதிரைச் சவாரி செய்வோரும், பயிர் நின்ற நிலத்தையும் வீட்டுச் சுற்றாடலையும் தவிர்த்து, பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு செல்லலாம். அங்கே ஆடு மேயாது போயிற்றா? கதிர் விளையாது போயிற்றா? இங்கிலாந்திலோ 2000ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் சுமார் 8 சதவீத நிலத்தையே திறந்துவிட்டது. அதுவும் நடப்போருக்கு மட்டும். ஸ்கொத்லாந்துக்கு ஒப்பான உரிமையைத் தருவோமென்ற தொழிற் கட்சி, ஆட்சிக்கு வருமுன்னரே, 2023ஆம் ஆண்டில் அவ்வாக்கைக் கைவிட்டது. தொழிலாளரின் பெயரைத் தாங்கிய கட்சிக்கும் வேலியைக் கண்டால் நடுக்கம்!

இது எங்கோ நடந்த கதையென்று நாம் வாளாவிருக்கவும் முடியாது. இந்நாட்டில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தை நிரூபிக்க இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் தரிசையும் முடிக்குச் சொந்தமெனக் கொண்டது. கண்டிக் கிராமத்தவரின் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. அத்தோட்டங்களிலே உழைக்கத் தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்து கொண்டுவரப்பட்டனர். அங்கே வேலி போடப் பழகிய ஆட்சிதான் இங்கும் போட்டது.

எனவே, ஆங்கிலக் கிராமத்துக் கிரவலிற் சவாரி செய்யும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இது. நடையாளரைப் பகைக்காதீர்கள், ஒடுங்கிய பாதையில் அவரும் நீங்களும் முட்டிக்கொள்வது, அகன்ற நிலம் மூடிக் கிடப்பதனாலேயே. 'தனியார் நிலம்' என்ற பலகை எதிர்ப்பட்டால் சற்றே இறங்கி நில்லுங்கள். அந்தப் பலகையை நட்டவன் யார், எந்தச் சட்டத்தின் பலத்தால் நட்டான், அதற்குமுன் அங்கே யார் மாடு மேய்த்தார் என்று கேளுங்கள். கேட்டபின் உங்கள் சங்கத்திலும் பாராளுமன்ற வாயிலிலும் அக்கேள்வியை உரத்துக் கேளுங்கள். சைக்கிளைக் கடையில் வாங்கலாம். பாதையைப் போராடியே பெறவேண்டும்.