பாட்டிக்கு எதுக்குக் கத்தரிக்கோல்?

துக்கம் விசாரிக்கப் போகிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்? ‘மனசைத் தேத்திக்குங்க.’ பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அடுத்த யோசனை: ‘சுலோகம் சொல்லுங்க, டி.வி. பாருங்க.’ பறிகொடுத்தவருக்கு எழுபது வயசு என்றால் அவர் துக்கத்துக்கு மரியாதைகூடக் கிடையாது. வயசாச்சு, இனிமே என்ன?

இன்னொரு பக்கம், ‘பூ வரைந்து சோகத்தைப் போக்குங்கள்’ என்று இரண்டு மணி நேர வகுப்பு நடத்திக் காசு பார்க்கிறவர்கள். கலர் பென்சிலோடு சர்டிஃபிகேட்டும் உண்டு!

இரண்டு தரப்பும் மேரி டிலேனியைத் தெரிந்துகொள்வது நல்லது. 1700-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். பதினேழு வயதில், கிட்டத்தட்ட அறுபது வயது ஆசாமிக்குப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். அவர் இறந்து பல வருஷம் கழித்து, 1743-ல் டிலேனி என்ற பாதிரியாரைத் தன் இஷ்டப்படி மணந்தார். இருபத்தைந்து வருஷ வாழ்க்கை. 1768-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

நான்கு வருஷம் கழித்து, 72 வயதில், தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் வீட்டில் இருந்தபோது, ஜெரேனியம் பூவின் அதே நிறத்தில் ஒரு காகிதம் மேரியின் கண்ணில் பட்டது. கத்தரிக்கோலை எடுத்து இதழ் இதழாக வெட்டினார். தோழி நிஜப் பூவைத்தான் பிய்க்கிறார் என்று நினைத்துவிட்டாராம்.

அப்புறம் பத்து வருஷம் அதே வேலை. எதிரே செடி, கறுப்புப் பின்னணியில் பொடிப்பொடிக் காகிதம். ஒரே ஒரு பூவுக்கு 200-க்கும் மேற்பட்ட துண்டுகள். 1782-ல் பார்வை மங்கி நிறுத்தும்போது 985 படங்கள். கணக்குப் போட்டால் வாரத்துக்கு இரண்டு! இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

இரண்டு மணி நேர வகுப்புக்காரர்களே, கவனியுங்கள். எம்பிராய்டரியும் கிளிஞ்சல் வேலையும் ஏற்கெனவே கைவந்த ஒருவருக்குப் பத்து வருஷம். துக்கம் போச்சா என்று அவரை யாரும் பரீட்சை வைக்கவில்லை. இதழை எண்ணி வெட்டுகிற நேரத்தில் கண்ணும் கையும் பூவில் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். அழுதுகொண்டேகூடச் செய்யலாம்.

‘அந்தம்மா ராணிக்கு வேண்டியவங்க சார், வேலைக்காரங்க இருந்தாங்க’ என்பீர்கள். வாஸ்தவம். கியூ தோட்டத்திலிருந்தே அவருக்குச் செடி வந்தது. ஆனால் தோழி கொடுத்தது என்ன? தங்க இடம், பூ, தொந்தரவில்லாத பொழுது. உபதேசம் செய்யச் செலவில்லை. இதற்குக் கொஞ்சம் செலவாகும். அதனால்தான் நாம் உபதேசத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் செம்பருத்தி இருக்கிறது. ஜன்னலோரம் ஒரு மேஜை போடுங்கள். அம்மாவுக்கு இஷ்டமிருந்தால் வரையட்டும், வெட்டட்டும், ஒட்டட்டும். ‘என்னம்மா இது, வீடெல்லாம் குப்பை’ என்று ராத்திரியே பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். காலையில் விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்க வேண்டும்.